தளத்தைத் தெரிவுசெய்பவர் யார்?

புதிதாக ஒரு மென்பொருட் கம்பனியைத் தொடங்கும் இளைஞரும், ஆண்டுகள் பல கண்ட வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் அரச திணைக்களங்களும் தத்தமக்கு வேண்டிய மென்பொருளை எந்தத் தளத்தின்மீது நின்று ஆக்குவது என்பதை எவ்வாறு முடிவுசெய்கின்றனர்? இவ்வினாவுக்கு இன்று எங்கும் ஒரே விடை ஓதப்படுகிறது. சிறியவன் வேகத்தை நாடுகிறான். பெரியவன் பாதுகாப்பை நாடுகிறான். இருவரும் விலையை நிறுத்துப் பார்க்கின்றனர். நாளை தொழில் பெருகினால் தளமும் கூடவே விரியுமா என்று வினவுகின்றனர். ஈற்றில் தகுதி மிக்கதைத் தெரிவுசெய்கின்றனர். முகாமைத்துவ வகுப்புகளில் இது பாடம். விற்பனைப் பிரதிநிதிகளின் வாயில் இது வேதம். சந்தைக்குப் போனவன் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துப் பொறுக்குவதுபோலத் தளமும் பொறுக்கப்படுகிறது என்பது இதன் சாரம்.

நாம் இவ்விடையை ஏற்கவில்லை. பொறுக்குபவனின் கையை மட்டும் இது காட்டுகிறது. கூடையை நிரப்பியவன் யார், கூடையில் வராது போனவை எவை, பொறுக்குபவனுக்கு இந்தச் சுவையைப் பள்ளிப் பருவத்திலேயே பழக்கியவன் யார் என்பவற்றை இது மறைக்கிறது.

இலக்கியமும் சமூகமும் பேசும் ஓர் ஏட்டில் கணினிக் கம்பனிகளின் கொள்முதலைப்பற்றி எழுதுவானேன் என்று வாசக நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பரீட்சைப் பெறுபேறும், ஆசிரியரின் சம்பளப் பட்டியலும், ஆஸ்பத்திரியின் நோயாளர் பதிவும், வங்கிக் கணக்கும், நாளை எமது பெருவிரல் ரேகையும் எவருடைய இயந்திரத்தில், எவருடைய நிபந்தனையின்கீழ்க் கிடக்கப்போகின்றன என்பது அரசியற் பொருளாதார வினா. அதனைப் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் யாப்பிலக்கணம் பேசிக்கொண்டிருத்தல் தகாது. (யாப்பிலக்கணத்தை இகழ்ந்தோம் அல்லோம், எமக்குச் சோறிடுவது அதுவே.)

முதலில் தளம் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு செயலியை எழுதுபவன் வெறுந் தரையிலிருந்து தொடங்குவதில்லை. நிரல்மொழி, தரவுத்தளம், எழுதிய நிரலைச் சேமிக்கும் களஞ்சியம், முடிந்ததை இயக்கும் சேவையகம், உள்நுழைவோரை இனங்காணும் பொறிமுறை எனப் பிறர் முன்னரே ஆக்கிவைத்த பலவற்றின்மேல் நின்றே அவன் எழுதுகிறான். இவற்றுட் சில பொதுச் சொத்து. அவற்றின் மூல நிரல் யாவர்க்கும் திறந்து கிடக்கிறது. எடுத்துச் செல்லலாம், திருத்தலாம், வேறோர் இயந்திரத்தில் நாட்டலாம். ஏனையவை வாடகைக்கு உரியவை. வாடகை வீட்டில் வாழ்வது குற்றமன்று. உலகில் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கின்றனர். வாடகை வீடென்று அறியாமலே அதன் வளவில் தென்னை நட்டுக் காய்க்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பதுதான் எமக்குக் கவலை தருவது.

புதிய கம்பனியின் கதையைப் பார்ப்போம். பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேறிய மூன்று இளைஞர் ஒன்றுசேர்கின்றனர். கையில் காசில்லை. அமேசன் கம்பனி புதிய தொழில்முயற்சிகளுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 1 இலட்சம் டொலர் வரையும், சில சமயம் அதற்கு மேலும் பெறுமதியான முகிற்சேவையை அது இனாமாக வழங்குகிறது. மைக்ரோசொப்ட் 1½ இலட்சம் டொலர் வரை தருவதாக அறிவித்தது. கூகுளும் பின்நிற்கவில்லை. மூன்று இளைஞரும் எதனைத் தெரிவுசெய்வர்? எவன் கூடுதலாகத் தருகிறானோ அவனைத்தான். இதற்குத் தகுதி ஆராய்தல் என்று பெயர் சூட்டுகின்றனர்!

இக்கரையோரத்து மீன்பிடித் தொழிலை அறிந்தோர்க்கு இந்தத் தயாள குணம் புதிதன்று. சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். வலைக்கும் எஞ்சினுக்கும் உதவுவார். வட்டி என்ற பேச்சே எழாது. பிடிபடும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே ஏற்பாடு. ஆண்டுக்கணக்காகக் கடலுக்குப் போனாலும் முற்பணம் தீராது. தீர்ந்துவிட்டால் மீனை வேறிடம் கொண்டுபோய்விடுவான் அல்லவா?

முகிற்சேவையின் முற்பணம் வேலைசெய்யும் விதமும் இதுவே. இனாமாகக் கிடைக்கும் இரண்டாண்டுக்குள் இளைஞர் தமது செயலியை அந்தக் கம்பனிக்கு மாத்திரமே உரிய தரவுத்தளத்திலும், அதற்கு மாத்திரமே உரிய செய்திவரிசையிலும், அதற்கு மாத்திரமே உரிய நுழைவுப் பொறிமுறையிலும் பிணைத்துவிடுகின்றனர். அவ்வாறு பிணைப்பது எளிது. கையேடு அதனையே முதலில் காட்டும். இனாம் தீர்ந்து முதலாவது பட்டியல் வரும்போது, வேறிடம் போவதாயின் செயலியின் பாதியைப் புதிதாக எழுத வேண்டும் என்பது தெரியவருகிறது. இதற்குமேல் இன்னொன்று: தரவை உள்ளே கொண்டுவரக் கட்டணமில்லை, வெளியே கொண்டுபோகக் கட்டணம் உண்டு. 2024 ஆம் ஆண்டு கூகுள், அமேசன், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும், முற்றாக வெளியேறுவோர்க்கு இக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. மனம் இளகியன்று, ஐரோப்பிய ஒன்றியம் தரவுச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. சட்டம் எழுதும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவருக்கே கதவு திறக்கிறது.

தளத்தின் உடைமையாளன் ஒருநாள் கடையைப் பூட்டினால் என்னாகும் என்பதும் கற்பனையன்று. கைபேசிச் செயலிகளின் பின்புலத்தைத் தாங்கும் பார்ஸ் என்ற தளத்தை 2013 இல் பேஸ்புக் விலைக்கு வாங்கியது. பல்லாயிரம் செயலிகள் அதன்மேல் எழுந்தன. 2016 ஜனவரியில் மூடுவிழா அறிவிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அத்தளத்தின் சேவையக நிரலைத் திறந்துவிட்டுப் போனதால் பலர் தப்பிப் பிழைத்தனர். திறந்துவிட வேண்டும் என்ற கடப்பாடு ஏதும் பேஸ்புக்குக்கு இருக்கவில்லை என்பதை மறவற்க. ஹெரொகு என்ற மற்றொரு தளம் மாணவர்களும் தொடக்கக்காரரும் ஆண்டுக்கணக்காக நம்பியிருந்த இனாம் சேவையை 2022 நவம்பரில் நிறுத்தியது.

எம் நாட்டில் இவ்வாடகைக்கு இன்னொரு முகம் உண்டு. அது டொலர் முகம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இடையே ஏப்பிரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ரூபாவில் வருமானமும் டொலரில் வாடகையும் கொண்டிருந்த உள்ளூர்க் கம்பனியின் பட்டியல், ஒரு வரி நிரல்கூடப் புதிதாக எழுதப்படாமலே, முக்கால் மடங்கு ஏறியது. அந்த டொலரைத் தேடித் தருவோர் யார்? மலையகத்தில் கொழுந்து பறிப்போர். சுதந்திர வர்த்தக வலயங்களில் ஆடை தைப்போர். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் பாலாவியிலும் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிக்குப் போகும் பெண்கள். அவர்களின் வியர்வை டொலராகி, எண்ணெய்யாகி, மருந்தாகி நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதில் ஒரு பங்கு சியாற்றிலுக்கு வாடகையாகப் போகிறது என்பதைத் தளம் தெரிவுசெய்யும் கூட்டத்தில் எவர் பேசுகிறார்?

பெருநிறுவனங்கள் ஆழ்ந்து சிந்தித்துத் தெரிவுசெய்கின்றன என்று சொல்வோர்க்கு இலண்டன் பங்குச் சந்தையின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். அதில் இலங்கையின் பெயரும் கலந்திருக்கிறது. 2007 ஜூனில் அச்சந்தை டிரேட்எலெக்ட் என்ற புதிய வணிகத் தளத்தை அரங்கேற்றியது. மைக்ரோசொப்டின் தொழில்நுட்பம், அக்சென்சரின் கட்டுமானம், விளம்பரமோ வானளாவியது. 2008 செப்டெம்பர் 8 ஆம் திகதி, அமெரிக்காவின் இரு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களை அரசு பொறுப்பேற்ற செய்தி வெளியாகி உலகச் சந்தைகள் கொந்தளித்த அந்தத் திங்கட்கிழமை, இலண்டன் சந்தை ஏறத்தாழ ஏழு மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. மறு ஆண்டு அச்சந்தை என்ன செய்தது? கொழும்புக்கு அண்மையில் மாலபேயில் இருந்த மில்லேனியம் ஐடி என்ற எம் நாட்டுக் கம்பனியை 30 மில்லியன் டொலருக்கு விலைக்கு வாங்கியது. 2011 பெப்ரவரியில் இலண்டனின் பிரதான சந்தை மாலபேயில் எழுதப்பட்ட தளத்துக்கு, லினக்ஸ் முதலிய இயங்குதளங்களின்மேல் ஓடும் தளத்துக்கு, மாறியது.

இதனை ஈழத்தவர், இலங்கையர் என்று மார்தட்டும் கதையாக எம்மவர் சொல்லித் திரிகின்றனர். மார்தட்டுவதற்கு இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதையின் எலும்பு வேறு. உயிர்நாடியான தளம் பிறர் கையில் இருத்தல் ஆகாது என்று இலண்டன் முதலாளிகள் உணர்ந்தபோது அவர்கள் உரிமம் வாங்கவில்லை. ஆக்கியோரையே சேர்த்து வாங்கினர். தமக்கு உடைமை, எமக்கு வாடகை. தெரிவு என்ற சொல்லுக்குப் பணமுள்ளவன் அகராதியில் உள்ள பொருளும் இல்லாதவன் அகராதியில் உள்ள பொருளும் ஒன்றல்ல.

இதனோடு ஒப்பிட இன்னொரு கம்பனி உண்டு. 2005 இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடக்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2, பெருநிறுவனங்களின் வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் இடைத்தள மென்பொருளைக் கொழும்பிலிருந்து ஆக்கி, அதன் மூல நிரலை அப்பாச்சி உரிமத்தின்கீழ் யாவர்க்கும் திறந்துவைத்தது. 2024 இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமாகிய ஈ.கியூ.டி. அதனை 600 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. கம்பனி கைமாறும். ஆனால் அதுவரை வெளியிடப்பட்ட நிரல் கைமாறாது. யாழ்ப்பாணத்திலோ மாத்தறையிலோ ஒரு மாணவன் இன்றைக்கும் அதனை இறக்கிப் பிரித்துப் பார்க்கலாம், அதன்மேல் தானும் ஒன்றைக் கட்டலாம். முதலாளி மாறினாலும் உழைப்பின் ஒரு பகுதி பொதுவில் தங்கிவிட்டது. திறந்த மூலம் சோசலிசமன்று. அதனைக் கொண்டு கோடி குவிக்கும் முதலாளிகள் ஏராளம். ஆயினும் இந்த வேறுபாடு சிறிதன்று.

வாடகையை உயர்த்தும் கலையில் கைதேர்ந்தோரைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜாவா மொழிக்கான தனது உரிமக் கட்டணத்தை ஒரக்கிள் 2023 ஜனவரியில் மாற்றியது: ஜாவாவைத் தொடுவோரின் தொகையன்று, கம்பனியின் மொத்த ஊழியர் தொகையே இனிக் கணக்கு. நிரல் எழுதுவோர் நால்வர் ஆயினும், வாயிற்காவலரும் தேநீர் வார்ப்போரும் எண்ணப்படுவர். அவ்வாண்டு நவம்பரில் விஎம்வெயரை வாங்கிய புரோட்கொம், அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவை மட்டும் வைத்துக்கொண்டது. ஏகபோகம் என்ற சொல்லைப் பழைய கட்சிப் பிரசுரங்களில் படித்துச் சலித்த மாணவர், அச்சொல் உயிரோடு நடமாடுவதை இங்கே காணலாம்.

விலை மட்டுமா? இந்தியாவின் குஜராத்தில் வடினார் என்னுமிடத்தில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பனியில் ரஷ்ய நிறுவனமொன்றுக்குப் பங்குண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசொப்ட் அக்கம்பனியின் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. இந்தியச் சட்டம் எதையும் நயாரா மீறவில்லை, கட்டணம் பாக்கியுமில்லை. டில்லி மேல்நீதிமன்றத்துக்கு அது சென்ற பின்னரே சேவை மீண்டது. தடை சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒரு நாட்டின் எரிபொருள் ஆலையின் நாக்கை இன்னொரு கண்டத்தின் முடிவை வைத்து மூன்றாவது நாட்டுக் கம்பனி ஒன்று கட்டிப்போட முடிந்தது. இந்தியா போன்ற பெருநாட்டுக்கே இக்கதி எனின் இலங்கை எம்மாத்திரம்?

சிலாபத்திலிருந்து புத்தளம் வரையுள்ள இறால் பண்ணைக்காரர் இன்னொன்றைச் சொல்லித்தர வல்லவர். 1980 களில் இக்கரையெங்கும் பண்ணைகள் பெருகின. கண்டல் வெட்டப்பட்டது, வயல் வாய்க்கால் உவரானது. எல்லோரும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரை எடுத்தனர். கழிவுநீரையும் அங்கேயே விட்டனர். ஒருவன் குளத்து நோய் எல்லார் குளத்துக்கும் வழி அறிந்திருந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது தொழிலே சரிந்தது. உப்புப் படிந்து கைவிடப்பட்ட குளங்களைப் பேருந்தில் போவோர் பிற்காலத்திலும் பார்த்தனர். அதன் பிறகே வலயம் வலயமாக முறைவைத்துப் போகம் செய்யும் நாட்காட்டியைப் பண்ணையாளர் சங்கங்களும் தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருட் கம்பனி விடுத்த ஒரு பிழையான புதுப்பிப்பு, விண்டோஸில் இயங்கிய ஏறத்தாழ 85 இலட்சம் இயந்திரங்களை ஒரேநாளில் வீழ்த்தியது. விமான நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தடுமாறின. ஒரே நீரைக் குடித்த குளங்கள்! அன்று அந்தப் பெருநிறுவனங்கள் யாவும் பாதுகாப்பின் பொருட்டே அந்தத் தளத்தைத் தெரிவுசெய்திருந்தன என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க.

இனி எம் அரசின் கதை. லங்கா அரச முகில் என்ற பொது உட்கட்டமைப்பில் அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று அதனைத் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்கள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. அக்காலத்துக்கு வேறிடத்தில் வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்டின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குரிய ஆதரவை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடித்துக்கொண்டது. புதிய பதிப்புக்கு மாறாததற்கு நிதித் தட்டுப்பாடும் முன்னைய தீர்மானங்களும் காரணம் என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தினர் விளக்கினர். ஓர் ஏழை அரசு, புதுப்பிக்கக் காசு வேண்டிய தளத்தைத் தெரிவுசெய்து, காசில்லாதபோது புதுப்பிக்காமல் இருந்துவிட்டது. திறந்த மூலமாக இருந்திருந்தால் தாக்குதலே நடந்திராது என்று நாம் வாதிடவில்லை. காப்புப் பிரதி எடுக்காதவனை எந்த உரிமமும் காப்பாற்றாது. நாம் சொல்வது இவ்வளவே: பணம் இருந்தால் மட்டும் பாதுகாப்பு என்ற தளத்தை, பணம் இல்லையென்று முன்கூட்டியே அறிந்த ஒருவர் தெரிவுசெய்ததை எந்த வகுப்பில் அறிவுடைமை என்று கற்பிக்கின்றனர்?

இதே நாட்டில் வேறொரு தெரிவும் நடந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல்கோள் வந்தது. காணாமற்போனோர் யார், முகாம்களில் இருப்போர் யார், எந்த முகாமில் எது குறைவு என்ற பதிவேடுகள் காகிதக் கட்டுகளாய்ச் சிதறிக் கிடந்தன. 2003 இல் அமைந்த லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சூழ்ந்த தொண்டர்கள், லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகியவற்றைக் கொண்டு சில வாரங்களில் ஒரு செயலியை எழுதினர். சகானா என்று அதற்குப் பெயர்; சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். அவர்கள் ஏன் அந்தத் தளத்தைத் தெரிவுசெய்தனர்? எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கேள்விப்பத்திரம் கோரும் காலம் இருக்கவில்லை. பலரும் அறிந்த கருவிகளாதலின் யாரும் வந்து கைகொடுக்க முடிந்தது. அதே நிரல் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெயிட்டிக்கும் போனது. விலைக்கு விற்றிருந்தால் அத்தனை வேகமாகப் போயிருக்குமா?

நல்லது, இதனைப் பெருநிறுவனங்கள் ஏன் கைக்கொள்வதில்லை? இங்கேதான் தெரிவு என்ற நாடகத்தின் திரைச்சீலையை விலக்க வேண்டும். கொள்முதல் செய்யும் அதிகாரி பயந்தவர். பெயர்பெற்ற கம்பனியிடம் வாங்கித் தோற்றால் தோல்வி கம்பனியினுடையது; பெயரறியாததை வாங்கித் தோற்றால் தோல்வி அவருடையது. ஆகவே அவர் வாங்குவது மென்பொருளையன்று, சாட்டுச் சொல்ல ஒரு பெயரை. அவருக்குக் கீழே வேலைசெய்யும் இளைஞனுக்கும் ஒரு கணக்குண்டு: எந்தத் தளத்தில் அனுபவம் பெற்றால் மெல்பேணிலோ டுபாயிலோ வேலை கிடைக்குமோ அதையே அவன் விரும்புகிறான். அவனைக் குறைகூறோம், குடும்பம் அவனை நம்பியிருக்கிறது. அவனுக்கு மேலே வெளிநாட்டு வாடிக்கையாளன் தனது தளத்தையே பயன்படுத்துமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறான். பயமும் பிழைப்பும் ஒப்பந்தமும் முடிவுசெய்த பின்னர், தகுதி ஒப்பீட்டு அட்டவணை ஒன்று அழகாகத் தட்டச்சாகிக் கோப்பில் ஏறுகிறது.

திறந்த மூலத்தின்மேல் எமக்குக் குருட்டுப் பக்தி இல்லை. அதனைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இரண்டு பேர் கொண்ட கம்பனி தானே சேவையகம் வாங்கிக் குளிரூட்டி வைத்து நடத்துவது மடமை, வாடகைக்கு எடுக்கட்டும். ஆனால் எங்கும் ஓடும் தரவுத்தளத்தையும் எங்கும் ஓடும் மொழியையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு இருப்பவன் மூட்டைமுடிச்சோடு வெளியேற முடியும். நிரல் எழுதாமலே இழுத்து வைத்துச் செயலி கட்டலாம் என்று இன்று விற்கப்படும் கருவிகளில் கட்டியவனுக்கு மூட்டை கட்டக்கூட எதுவும் இராது. சந்தா நின்றால் செயலியும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம், எமது போர்க்களம் அதுவே. மைக்ரோசொப்ட் அதிபர் பில் கேட்ஸ் 1998 இல் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்திற் பேசுகையில், சீனர் மென்பொருளைத் திருடத்தான் போகின்றனர் எனின் தமது மென்பொருளையே திருடட்டும், பழகிக்கொண்டால் பின்னொருநாள் பணம் அறவிடும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். எமது நகர்க் கடைகளில் ஒட்டிக்கொடுக்கப்படும் கள்ளப் பிரதியை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று எண்ணும் தோழர் சிலர் உளர். அவர்கள் இதனை ஆறுதலாகச் சிந்திக்கட்டும். கள்ளப் பிரதி கம்பனிக்கு நட்டமன்று, விதைநெல். பாடசாலையில் எந்தப் பொத்தானை அழுத்தப் பிள்ளை பழகுகிறதோ அந்தப் பொத்தானையே பதினைந்து ஆண்டின் பின் திணைக்களத்தின் கேள்விப்பத்திரம் கேட்கும்.

கேரளத்து ஆசிரியர் இதனை எம்மைவிட முன்னதாக உணர்ந்தனர். 2001 இல் அங்கு தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் வழியே சென்றது. இடதுசாரி ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் எதிர்த்து நின்றனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாடசாலைகளில் லினக்ஸ் நிலைபெற்றது. 2017 இல் கைட் என்ற அரச நிறுவனமாக அத்திட்டம் வளர்ந்தது. பாடசாலைகளுக்கென இயங்குதளத்தையே மலையாளத்தில் அவர்கள் தயாரித்துக் கொடுக்கின்றனர். அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் எல்கொட் என்ற அரச நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது; ஆனால் அது ஓர் அதிகாரியின் உறுதியில் நின்றது. அவர் இடம் மாறினார். 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் மீண்டும் அமர்ந்தது. கேரளத்தில் அமைப்பு நின்றது, தமிழ்நாட்டில் தனிமனிதர் நின்றார்.

எம் பாடத்திட்டம் முற்றிலும் மோசமன்று. சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைதனும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. இரண்டுக்கும் எவனுக்கும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஆயின் அதே பாடசாலையின் அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் நிலைமை என்ன? தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆசிரியர் பலர் இன்றும் வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் தட்டுகின்றனர். அதில் அம்மா என்று தட்டினால் இயந்திரம் தமிழை அறியாது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் கலந்த ஒரு குப்பையாகவே அதனைப் பதிந்துகொள்ளும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை வெளியே தெரியும். தேட முடியாது, கண்பார்வையற்ற மாணவனுக்கு வாசித்துக்காட்டும் கருவி அதனை வாசிக்காது. ஒருங்குறியில் தமிழ் 1991 இலிருந்தே இருக்கிறது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டு நியமம் எஸ்.எல்.எஸ். 1326 2008 இல் வந்துவிட்டது. இங்கே எந்த வெளிநாட்டுக் கம்பனியும் கழுத்தைப் பிடிக்கவில்லை. வெறும் பழக்கம். காசு கேளாத பழக்கத்தையே உதற மனமில்லாதோர் காசு கேட்கும் கம்பனியை எதிர்த்து எவ்வாறு நிற்பர்? வலயக் கல்வி அலுவலகம் ஒன்று, இனி ஒருங்குறியில் வந்த வினாத்தாளையே ஏற்போம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டாற் போதும். மூன்று தவணைக்குள் காரியம் முடியும்.

இவையெல்லாம் வெறும் தொழில்நுட்பத் தகராறு என்று இன்னமும் எண்ணுவோர் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டையைக் கவனிக்க. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் இதற்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. அடித்தளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது பெங்களூரில் உருவாகிய மொசிப் என்ற திறந்த மூலத் தளம். பிலிப்பைன்சும் மொரோக்கோவும் அதனைப் பயன்படுத்துகின்றன. திறந்த மூலம் என்றதும் கைதட்டிவிட நாம் ஆயத்தமில்லை. நிரல் திறந்திருக்கலாம், அதனைக் கட்டி இணைக்கும் கம்பனி யாருடையது, பிழை திருத்தும் சாவி யார் கையில், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அதனை நடத்தத் தெரிந்த இலங்கையர் எத்தனை பேர் என்பவை திறந்திருக்கின்றனவா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் வந்தே குடியேறினர். எந்த மாவட்டத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக, பங்கீட்டுக்கும் வாக்குக்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் ஆண்டுக்கணக்காக அலைந்தவர்கள் அவர்கள். பதிவேட்டில் ஒரு வரி பிழைத்தால் வாழ்வு எவ்வாறு இடறும் என்பதை அவர்களுக்குப் பொறியியலாளர் கற்பிக்க வேண்டியதில்லை. அன்று பிழைத்த வரியைத் திருத்தக் கச்சேரியில் ஓர் எழுதுவினைஞராவது இருந்தார். கெஞ்சவும் சண்டைபிடிக்கவும் ஒரு முகம் இருந்தது. நாளை அந்த வரியைத் திருத்தப் போகிறவர் எந்த ஊரில் இருப்பார், எந்த மொழியில் விடை சொல்வார்?

ஆகவே அந்த ஒப்பந்தம் முழுமையாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்று கேட்கிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் ஆர்.டி.ஐ. 01, தருவதா மறுப்பதா என்று முடிவுசொல்ல அதிகாரிக்கு 14 வேலை நாட்கள். புத்தளம், சிலாபம் வலயங்களின் ஆசிரியர் சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே இதனைச் சேர்க்கலாம். படிவத்தை நிரப்பும் வேலையை உயர்தர வகுப்பு மாணவரிடம் விடலாம்.